திரைச்சீலை ஏன் பொருந்தவில்லை: குறையைப் பார்த்து அளவுப் பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

ஜன்னல் திரைச்சீலையில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை துணியிலோ தையலிலோ தொடங்குவதில்லை. ராடு சுவரில் ஏறுவதற்கு முன்பே ஜன்னலை அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு துணிக்கடைக்குப் போவதில்தான் அவை தொடங்குகின்றன. ஜன்னலின் நீள அகலம், ராடை எங்கே பொருத்தலாம் என்பதை மட்டுமே சொல்லும். துணி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதைச் சுவரில் பொருத்தி முடித்த ராடைக் கொண்டுதான் அளந்து தெரிந்துகொள்ள முடியும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து வீடுகளில் அடிக்கடி காணப்படும் குறைகளைக் கொண்டு கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரியும் குறை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் நீளத்தைப் பற்றிய முதல் பகுதியை எல்லோரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் கணக்குகள் அதையே தொடர்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கான்கிரீட் வீடுகளில் பரவலாக இருப்பது போல, அதன் அடிக்கல் தரையிலிருந்து 3 அடி உயரத்திலும், மேல் சட்டம் 7 அடி உயரத்திலும் இருக்கிறது. ஆக உயரம் 4 அடி. அகலம் 5 அடி.

அளப்பதற்கு 5 மீட்டர் ஸ்டீல் டேப் வேண்டும். தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் டேப் 60 அங்குலம்தான். அதைக்கொண்டு 7 அடியை அளக்க இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கும், பழைய டேப் என்றால் நீண்டும் போயிருக்கும். ஸ்டீல் டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்து அது பழுது என்று சிலர் ஆணியை அடித்து இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் புகாமல் இருப்பதற்காகவே அது அந்தக் கன அளவுக்கு நகரும்படி செய்யப்பட்டிருக்கிறது.

தரை வரை வரவேண்டிய திரை தூக்கி நிற்கிறது, அல்லது தரையில் புரள்கிறது

முதலில் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்தீர்கள் என்று பாருங்கள். மேல் பட்டையில் துளையிட்டு ரிங் பதித்த திரை ராடின் மேல்புறத்தில் அமர்கிறது. ரிங்கின் உள்வட்டத்து மேல் விளிம்புதான் ராடைத் தொடும் இடம். அதற்கு மேலே துணி ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் நீண்டு நிற்கும். ஆகவே தொங்கும் நீளம் என்பது ராடின் மேல்புறத்திலிருந்து திரை முடியவேண்டிய இடம் வரை. தைக்கவேண்டிய நீளம் என்பது அதனோடு அந்த ஒன்றரை அங்குலத்தையும் சேர்த்தது. இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், தையல்காரர் தமக்குப் பழக்கமான முறையில் எடுத்துக்கொள்வார். "அண்ணா, ரிங் உள்விளிம்புல இருந்து அடி வரைக்கும் 58 வரணும், மேல நிக்கிற துணி அதுக்கு வெளிய" என்று சொல்லிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

குழாய்போல் மடித்துத் தைத்து ராடை உள்ளே நுழைக்கும் திரைக்கும் ராடின் மேல்புறமே தொடக்கப் புள்ளி. மடிப்பு வைத்துக் கொக்கியில் மாட்டும் திரை மட்டும் வேறு. அது ராடில் தொங்கும் வளையத்தின் அடிக்கண்ணிலிருந்து இறங்குகிறது. ஆகையால் ராடில் ஒரு வளையத்தைப் போட்டு, அதன் கண்ணிலிருந்து அளக்க வேண்டும். ரிங் திரைக்கு எடுத்த அளவை அப்படியே மடிப்புத் திரைக்குக் கொடுத்தால் வளையம் இறங்கும் அளவுக்குத் திரை தரையில் படும்.

ரெடிமேடாக வாங்கியவர்களுக்கு இந்தக் குறை வேறு காரணத்தால் வருகிறது. கடைகளில் பெரும்பாலும் 5 அடி, 7 அடி, 9 அடி நீளங்களில்தான் திரைகள் கிடைக்கின்றன. ஒரு திரையின் அகலம் சுமார் 4 அடி. நம் எடுத்துக்காட்டு ஜன்னலில், மேல் சட்டத்துக்கு 4 அங்குலம் மேலே ராடைப் பொருத்தி, அடிக்கல்லுக்குக் கீழே 6 அங்குலம் தொங்கவிட்டால், 4 உடன் 48, அதனோடு 6 என்று 58 அங்குலம் தொங்கும் நீளம். ரிங்குக்கு மேலே நிற்கும் ஒன்றரையைச் சேர்த்தால் 59.5. ஐந்தடித் திரை 60 அங்குலம் என்பதால் இது நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் அதே ஜன்னலுக்குத் தரை வரை தொங்கட்டும் என்று ஏழடித் திரையை வாங்கினால் ஏமாற்றம்தான். ராடின் மேல்புறம் தரையிலிருந்து 88 அங்குலம்; ஏழடித் திரையில் ரிங்குக்குக் கீழே கிடைப்பதோ 82.5 அங்குலம். அடியில் ஐந்தரை அங்குலம் காலியாக நிற்கும். அதைச் சரிக்கட்ட ராடைக் கீழே இறக்கலாம் என்றால், தரைக்கு ஒரு அங்குலம் விட்டாலும் ராடு 83.5 அங்குலத்தில், அதாவது மேல் சட்டத்துக்கும் கீழே, ஜன்னலின் குறுக்கே வந்துவிடும். ஆகவே லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் உத்திரம், 7 அடியில் உள்ள வீட்டில் ஏழடித் திரை ஜன்னலுக்குத் தரை வரை வராது. ஒன்பதடி வாங்கி அடியை வெட்டித் தைப்பதே வழி. வெட்டிய துணியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

வாசலுக்கு மட்டும் ஏழடி பொருந்தும், அதுவும் ராடு நிலைக்கு மேலே சுவரில் இருந்தால்தான். நிலையின் உள்ளே இரண்டு பக்கமும் முட்டும்படி ராடைப் பொருத்தியவர்கள், உள் உயரம் 6 அடி 9 அங்குலம் அளவுக்கே இருக்கும் என்பதை மறந்து ஏழடித் திரையை மாட்டி, அது மூன்று அங்குலத்துக்கு மேல் தரையில் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தரைக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் என் கருத்து ஒரு அங்குலம். படங்களில் காண்பதுபோல் தரையைத் தொட்டும் தொடாமலும் விட்டால் அழகுதான். ஆனால் தினமும் ஈரத்துணியால் தரையைத் துடைக்கிற வீட்டில் அந்த அழகு மாதக் கணக்கில்கூட நிற்காது, செம்மண் தூசி ஈரத்தோடு சேர்ந்து அடி மடிப்பில் கறையாக ஏறிவிடும்.

சரியாகத்தான் எழுதிக் கொடுத்தோம், ஒரு சாண் குறைகிறது

ஒரு சாண் அளவுக்குக் குறைந்தால் அளந்ததில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு, எழுதியதில் இருக்கும். நான்கு அடி பத்து அங்குலத்தைக் கைப்பேசியில் 4.10 என்று எழுதி அனுப்புகிறோம். கடையில் இருப்பவர் அதைக் கால்குலேட்டரில் 12 ஆல் பெருக்குகிறார், விடை 49.2. உண்மையில் நமக்கு வேண்டியது 58. ஏறத்தாழ 9 அங்குலம் காணாமல் போய்விட்டது. நாலரை அடியை ஒருவர் 4.5 என்று எழுத, அதை மற்றவர் நான்கு அடி ஐந்து அங்குலம் என்று படிப்பதிலும் ஓர் அங்குலம் போகும். ஆகவே அடியே வேண்டாம். எல்லாவற்றையும் அங்குலத்தில் மட்டும் எழுதுங்கள். ஆசாரியும் கொத்தனாரும் சொல்லும் நூல் கணக்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஜன்னல் கதவுக்குத் தேவை. திரைச்சீலைக்கு அரை அங்குலத் துல்லியம் போதும். எந்த எண் நீளம், எந்த எண் அகலம் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 60, 72 என்று வெறுமனே எழுதிய சீட்டு எந்தப் பக்கமாகவும் படிக்கப்படும்.

முதல் சலவைக்குப் பிறகு குட்டையாகிவிட்டது

பருத்தித் துணியும் கைத்தறித் துணியும் முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது சாதாரணம். நூற்றுக்கு 5 என்றால் ஏழடித் திரையில் நான்கு அங்குலத்துக்கு மேல் போய்விடும். பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கரூர்த் துணியோ சேலத்துத் துணியோ, பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன்பே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அடி மடிப்பை 4 அங்குலத்துக்கு இரட்டையாக மடித்துத் தைக்கச் சொல்லலாம். சுருங்கிய பின் ஒரு மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே சுருங்கிவிட்டது, பிரிக்க மடிப்பும் இல்லை என்றால் அடியில் வேறு நிறத்தில் ஒரு பட்டையை வைத்துத் தைப்பதே நல்லது. ஒன்பதடியில் வெட்டி வைத்த துண்டு இருந்தால் இங்கே உதவும். ராடை இறக்கிப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய துளைகள் சுவரில் தெரிவதோடு, மேலே வெளிச்சம் கசியும் புதிய குறையும் சேர்ந்துகொள்ளும்.

மூடினால் மடிப்பே இல்லாமல், கொடியில் காயப்போட்ட வேட்டிபோல் விறைத்து நிற்கிறது

அகலக் கணக்கு தவறியிருக்கிறது. ஐந்தடி ஜன்னல், ஒரு திரை நான்கடி, இரண்டு போட்டால் எட்டடி, தாராளம் என்று மனக்கணக்குப் போடுவது வழக்கம். ஆனால் ராடு ஜன்னலைவிட நீளமானது. இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் நீட்டிப் பொருத்தினால் ராடின் நீளம் 72 அங்குலம். இரண்டு திரைகளின் மொத்த அகலம் 96. அதாவது ராடைப்போல் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். ரிங் திரை அலை அலையாக விழவேண்டும் என்றால் ராடின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு துணி வேண்டும்; கனத்த துணிக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது; மெல்லிய, வெளிச்சம் ஊடுருவும் துணிக்கு இரண்டரை வரை போகலாம்.

72 இன் இரண்டு மடங்கு 144. அதாவது மூன்று திரைகள். மூன்றை இரண்டு பக்கத்துக்கு எப்படிப் பிரிப்பது? பலர் இந்த இடத்தில் தயங்கி இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள், அல்லது நான்கு வாங்கிவிடுகிறார்கள். நான்கு என்றால் 192 அங்குலம். மெல்லிய துணியாக இருந்தால் பரவாயில்லை, கனத் துணி என்றால் ஓரத்தில் ஒதுக்கும்போது மூட்டையாகிவிடும். என்னைக் கேட்டால், மூன்றாவது திரையைச் செங்குத்தாக இரண்டாக வெட்டி, இரண்டு பக்கத்துத் திரையோடும் பாதிப் பாதி சேர்த்துத் தைக்கச் சொல்வேன். திரைக்கு 8 ரிங் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 12 வரும். இணைப்புத் தையல் ஒரு மடிப்பின் உட்குழிவில் விழும்படி வைத்தால் வெளியே தெரியாது. பீரோவோ சுவர் மூலையோ ஒரு பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற அறையில் வேறொன்றும் செய்யலாம்: இடம் இருக்கும் பக்கத்தில் இரண்டு திரை, மறுபக்கத்தில் ஒன்று.

மீட்டர் துணி எடுத்துத் தைப்பவர்களுக்கு அதே ஜன்னலின் கணக்கு இப்படி அமையும். திரைத் துணி பெரும்பாலும் 54 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், வரும். 144 ஐ 54 ஆல் வகுத்தால் இரண்டரைக்கு மேல். ஆகவே மூன்று பன்னா. ஒவ்வொன்றின் வெட்டு நீளமும் 59.5 உடன் ரிங் பட்டைக்கு 4, அடி மடிப்புக்கு 5 சேர்த்து 68.5 அங்குலம். மூன்றுக்கும் 205.5 அங்குலம். ஒரு மீட்டர் 39.37 அங்குலம் என்பதால் 5.22 மீட்டர் வருகிறது. ஐந்தே கால் மீட்டர் கேட்க வேண்டும். பருத்தி என்றால் சுருக்கத்துக்காக ஐந்தரையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பூ வேலைப்பாடு ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் ஒரே மட்டத்தில் இல்லை

மேலே சொன்ன கணக்கு வெற்றுத் துணிக்கும் கோட்டுத் துணிக்கும்தான். பெரிய பூவோ கொடியோ உள்ள துணியில் ஒரு பூவின் நுனியிலிருந்து அதே பூ மறுபடி தொடங்கும் இடம் வரை கடையிலேயே டேப் வைத்துப் பாருங்கள். அது 24 அங்குலம் என்றால், 68.5 க்குப் பதிலாக 24 இன் அடுத்த மடங்கான 72 இல்தான் ஒவ்வொரு பன்னாவையும் வெட்ட வேண்டும். மூன்றுக்கு 216 அங்குலம், அதாவது ஐந்தரை மீட்டர். சேலை வாங்கும்போது முந்தானையைப் பார்ப்பவர்கள்கூட இதைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். தைத்தபின் இதற்கு மருந்து இல்லை.

ஓரத்திலும் மேலேயும் வெயில் கசிகிறது

மேற்குப் பார்த்த அறைகளில், அதிலும் அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில், மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் திரையின் வழியாக வருவதைவிடத் திரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தின் வழியாகத்தான் அதிகம் நுழைகிறது. பிளாக்அவுட் துணி போட்டும் அறை இருட்டாகவில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்கள் துணியைக் குறை சொல்வதற்கு முன் ராடை அளந்து பார்க்க வேண்டும். சட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் ராடு எவ்வளவு நீள்கிறது? இரண்டு மூன்று அங்குலம்தான் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. குறைந்தது 6 அங்குலம் வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு 8 முதல் 10 வரை நீட்டலாம்.

அடுத்து, கடைசி ரிங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லா ரிங்குகளும் ராடைச் சுவரில் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுகளுக்கும் உள்ளே இருந்தால், மூடும்போது ஓரம் உள்பக்கமாக இழுபட்டுச் சந்து விழும். கடைசி ரிங் ஒன்றைப் பிராக்கெட்டுக்கும் முனைக் குமிழுக்கும் இடையே விட்டுவிட்டால், அது அங்கேயே நிற்கும், ஓரமும் சுவரை ஒட்டும். இதற்காக ராடு பிராக்கெட்டுக்கு வெளியே 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும் என்பதால், ராடை வெட்டச் சொல்லும்போதே இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேலே கசியும் வெளிச்சத்துக்கு ராடைச் சட்டத்திலிருந்து 4 அங்குலத்துக்குப் பதிலாக 6 அங்குலம் உயர்த்துவதுதான் வழி. அப்போது நீளக் கணக்கும் 2 அங்குலம் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரிங் திரையில் ராடுக்கும் சுவருக்கும் நடுவே மேல்வெளிச்சம் ஓரளவு வரத்தான் செய்யும். அதுவும் கூடாது என்பவர்கள் மேலே பெட்டிபோல் மூடும் பலகைக்குப் போக வேண்டும்.

லிண்டலில் துளை விழவில்லை, பிராக்கெட் தள்ளிப் போய்விட்டது

மேல் சட்டத்துக்கு மேலே ஏறத்தாழ அரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் லிண்டல் ஓடுகிறது. ஜன்னலுக்கு இரு பக்கமும் அது சுவருக்குள் சற்று நீண்டும் இருக்கும். நாம் பிராக்கெட் வைக்க விரும்பும் இடம் பெரும்பாலும் அதுவேதான். சாதாரண டிரில்லில் அது துளைபடாது; ஹேமர் டிரில் வேண்டும். உள்ளே கம்பியில் முட்டினால் துளையை அரை அங்குலமோ ஓர் அங்குலமோ நகர்த்தவும் வேண்டியிருக்கும். ராடு ஏறியபின் துணியை அளக்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை: காகிதத்தில் 4 அங்குலம் என்று எழுதியது சுவரில் 5 ஆகிவிட்டால், தைத்து வந்த திரை ஓர் அங்குலம் தூக்கும்.

ஹாலோ பிளாக் சுவரில் இதற்கு நேர்மாறான தொல்லை. துளை எளிதாக விழும், பிளக் பிடிக்காது. அங்கே லிண்டலிலேயே பொருத்துவது நலம். மண்சுவர் வைத்த பழைய ஓட்டு வீடுகளில் சுவரை நம்பாமல் மரச்சட்டத்திலேயே பிராக்கெட்டைத் திருகிவிடலாம். அப்போது பக்கவாட்டு நீட்சி கிடைக்காது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஓசூர்ப் பக்கத்து வாடகை வீடுகளில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் ஒப்பாவிட்டால், ஜன்னல் குழிவுக்குள் ஸ்பிரிங் ராடு பொருத்தலாம். அதற்கு மட்டும் உள் அகலத்தை மேல், நடு, அடி என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ராடு நிற்கப்போகும் மேல் அளவே கணக்கு. மூலையில் டேப்பை வளைத்துப் படிக்காதீர்கள். டேப் பெட்டியின் முதுகைச் சுவரில் முட்டவைத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதன் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பரண் குறுக்கே நிற்கிறது. திரையின் தலை மேலே உரசுகிறது

ஜன்னலுக்கு நேர் மேலே, 7 அடி மட்டத்தில் பரண் போட்ட படுக்கையறைகள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே ராடை உயர்த்த வழியே இல்லை. பரணின் அடிப்புறத்தில் தொங்கு பிராக்கெட் பொருத்த வேண்டும். பலகைக் கனம் குறைவு என்பதால் துளை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போகக்கூடாது. ராடின் மேல்புறத்துக்கும் பரணுக்கும் இடையே குறைந்தது 2 அங்குலம் விடவேண்டும். ஒன்றரை அங்குலம் துணி நிற்கிறது, மீதி கையால் தள்ளும்போது உரசாமல் இருப்பதற்கு. அப்படியானால் ராடு 82 அங்குலத்தில் நிற்கும்; அடிக்கல்லுக்குக் கீழே 6 அங்குலம் வரை தொங்கும் நீளம் 52. முன்பு 58 என்று கணக்கிட்ட அதே ஜன்னல்தான் இது. ஒரே வீட்டில் ஹாலின் அளவையே படுக்கையறைக்கும் கொடுத்துவிடுவதால் இந்தக் குறை வருகிறது.

ஜன்னல் கதவு திரையில் சிக்குகிறது. அடிப்பாகம் கல்லில் முட்டி வெளியே தள்ளுகிறது

கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் முதல் தொல்லை இல்லை. உள்பக்கம் திறப்பவற்றில், அல்லது உள்ளே திறக்கும் கொசுவலைச் சட்டம் பிறகு போட்டவற்றில், திரை முழுவதும் சட்டத்துக்கு வெளியே ஒதுங்கியாக வேண்டும். திரையின் ரிங்குகளை ஒன்றோடொன்று ஒட்டித் தள்ளி, அந்தக் கட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். சாதாரணத் துணியில் நான்கடித் திரை ஒன்று 6 முதல் 8 அங்குலத்தில் ஒதுங்கும், லைனிங் வைத்ததானால் அதற்கு மேலும் எடுக்கும். ராடு ஒவ்வொரு பக்கமும் நீளவேண்டிய அளவு அதுதான். திறந்துவைத்தாலும் ஜன்னல் பாதி மறைகிறது, அறை இருளடைந்து கிடக்கிறது என்னும் குறைக்கும் இதே அளவுதான் விடை.

கல்லில் முட்டுவது கிரானைட் மலிந்த நம் மாவட்டத்துக்கே உரிய குறை என்று சொல்லலாம். சிறிய வீட்டில்கூட ஜன்னல் அடியில் பாலிஷ் போட்ட கல் இருக்கிறது; அது சுவரைத் தாண்டி ஒன்று அல்லது இரண்டு அங்குலம் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிராக்கெட்டோ ராடைச் சுவரிலிருந்து 3 அங்குலம்தான் தள்ளிப் பிடிக்கிறது. ரிங் திரையின் பின்மடிப்பு ராடுக்குப் பின்னால் ஏறக்குறைய 2 அங்குலம் போகும். ஆகவே அடியில் துணி கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, வயிறு தள்ளி நிற்கும். ஆடிக் காற்றில் துணி கல்லின் விளிம்பில் தேய்ந்து நூல் பிரிவதும் உண்டு. ராடு வாங்கும் முன் கல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து, அதனோடு இரண்டரை அங்குலம் கூட்டி, அந்த நீளத்துக்குப் பிராக்கெட் கேளுங்கள். பிராக்கெட் மாட்டியாகிவிட்டது என்றால், திரையைக் கல்லுக்கு அரை அங்குலம் மேலேயே முடித்துவிடலாம். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் எப்படியும் அப்படித்தான் குட்டையாக, அடுப்பின் பக்கம் பறக்காதபடி வைக்க வேண்டும்.

ஒரு மூலை தரையைத் தொடுகிறது, மறு மூலை தூக்குகிறது

ராடின் மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் ராடில் பிழையில்லை, தரை வாட்டமாக இருக்கிறது. கழுவிவிடும் தண்ணீர் ஓடவேண்டும் என்று வாட்டம் வைத்த பழைய சிமெண்டுத் தரைகளில் ஆறடிக்குள் அரை அங்குலம் இறங்குவது பெரிய செய்தியல்ல. ராடின் இரு முனை, நடு என மூன்று இடத்தில் தரை வரை அளந்து, அவற்றில் மிகக் குறைந்த அளவிலிருந்து ஓர் அங்குலத்தைக் கழித்து, எல்லாத் திரைக்கும் அதே நீளத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு திரையையும் ஒவ்வொரு நீளத்தில் தைத்தால் துவைத்து மாட்டும்போது இடம் மாறிப்போகும்.

குமிழி ஒதுங்கினால் பிராக்கெட் கோணல். ஜன்னல் சட்டத்தைப் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். சட்டமே கோணலாக இருக்கலாம், அதற்கு எதிர் மூலைகளுக்கு இடையே உள்ள இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சட்டம் கோணலானாலும் ராடு மட்டமாகவே இருக்கட்டும். துணி மட்டத்தைத்தான் பின்பற்றித் தொங்கும், கோணல் சட்டத்தை அது மறைத்தும்விடும்.

நடுவில் ராடு தொய்கிறது. ரிங் நடுவைத் தாண்டவில்லை

ஐந்தடிக்கு மேல் ராடு போனால் நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். இழுத்து நீட்டும் இரட்டைக் குழாய் ராடு என்றால் இணையும் இடத்தில்தான் தொய்வு விழும் என்பதால் அந்த இடத்துக்கு அருகில் வைக்க வேண்டும். நடு பிராக்கெட் வந்தபின் ரிங் அதைக் கடக்காது. ஆகவே ஒற்றைத் திரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, பிராக்கெட்டுக்கு இருபுறமும் தனித்தனியே அகலக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு பக்க ஓரம் சுவரை ஒட்டுகிறது, மறு பக்க ஓரம் அறையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது

ரிங்குகளை எண்ணுங்கள்; ஒற்றைப்படையாக இருக்கும். இரட்டைப்படையாக இருந்தால்தான் இரு ஓரமும் ஒரே பக்கம் திரும்பும். ஒரு ரிங்கைக் கூட்டித் தைப்பது எளிது. இரட்டைப்படையாக இருந்தும் இரு ஓரமும் அறைப் பக்கம் திரும்பினால், திரையைக் கழற்றி முதல் ரிங்கை மறு பக்கத்திலிருந்து நுழைத்து மாட்டினால் போதும்.

நேற்றுவரை சரியாக இருந்த திரை, வெள்ளையடித்த பிறகு பொருந்தவில்லை

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பிராக்கெட்டுகளைக் கழற்றி, பிறகு அறை மாற்றியோ பக்கம் மாற்றியோ பொருத்தியிருப்பார்கள். கழற்றும்போதே ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அறையையும் பக்கத்தையும் பென்சிலால் எழுதி, திருகுகளை அதனோடே சேர்த்துக் கட்டி வையுங்கள். ராடுகளுக்கும் அப்படியே, ஹாலின் ராடும் படுக்கையறை ராடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஓரிரு அங்குலம் வேறுபடலாம். பழைய துளையில் பிளக் தளர்ந்திருந்தால் புதுத் துளை போடாமல், அதே துளையில் ஓர் அளவு பெரிய பிளக்கை அடித்துத் திருகினால் ராடு பழைய உயரத்திலேயே நிற்கும். திரையின் நீளத்தை மறுபடி அளக்க வேண்டியிருக்காது.